வாய்க்குள் ஓர் ஊற்று

உரைநடைப் பாடம்

நுழையும் முன்

நம் உடலில் சுரக்கும் நீர்மங்களுள் கண்ணீரைக் கண்டால் இரங்குகிறோம். வியர்வையை உழைப்பின் அடையாளம் எனப் பாராட்டுகிறோம். உமிழ்நீரை மட்டும் அருவருப்புடன் ஒதுக்குகிறோம். ஆயினும், உண்பதற்கும் பேசுவதற்கும் சுவைப்பதற்கும் நோயின்றி வாழ்வதற்கும் அந்நீரே துணைநிற்கிறது. அதன் பணிகளையும், அதனோடு நம் ஐதராபாத் நகருக்குள்ள தொடர்பையும் இப்பாடத்தில் அறிவோம்.

மூன்று எளிய சோதனைகள்

மாணவர்களே, முதலில் ஒரு சோதனை. கண்களை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா புதிதாக உடைத்த புளியில் சிறு துண்டொன்றை உங்கள் நாவில் வைப்பதாக எண்ணிப் பாருங்கள். புளி வேண்டாவெனில், பக்கத்து வீட்டார் தந்த கோங்கூராப் பச்சடியை எண்ணிக்கொள்ளுங்கள். என்ன நிகழ்கிறது? புளி நாவைத் தொடவில்லை. ஆனாலும் வாய் ஊறிவிட்டது. நினைவு மூளையில் எழுந்தவுடனே நரம்புகள் வழியாகச் சுரப்பிகளுக்குக் கட்டளை சென்றுவிடுகிறது. உருசிய நாட்டு அறிஞர் பாவ்லோவ், உணவைக் காணும் முன்பே, உணவு தருபவரின் வரவை அறிந்த அளவிலேயே நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பதைக் கண்டு ஆராய்ந்தார். செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக அவர் 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

இரண்டாம் சோதனை: தூய கைக்குட்டையால் நாவை நன்கு துடைத்து உலர்த்துங்கள். அதன்மேல் சிறிது சர்க்கரையை இடுங்கள். முதல் நொடிகளில் இனிப்புத் தெரியாது. உமிழ்நீர் ஊறிச் சர்க்கரை கரையத் தொடங்கிய பின்னரே இனிக்கும். கரையாத பொருளின் சுவையை நாவிலுள்ள சுவை மொட்டுகள் உணரமாட்டா.

மூன்றாம் சோதனை: குழம்பு சேர்க்காத வெறுஞ்சோற்றையோ சப்பாத்தியையோ ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் இரண்டு நிமிடம் மெல்லுங்கள். மெல்ல மெல்ல இலேசான இனிப்புத் தோன்றும். உமிழ்நீரில் அமிலேசு என்னும் நொதி உள்ளது. அது மாவுச்சத்தைச் சிதைத்து மால்ட்டோசு என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. ஆகவே, செரிமானம் வயிற்றில் தொடங்குவதன்று, வாயிலேயே தொடங்குகிறது. ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்று நம் முன்னோர் கூறியது பொருளுடையதே.

ஊற்றுக்கண்கள்

உமிழ்நீரைச் சுரக்கும் பெருஞ்சுரப்பிகள் மூன்று இணைகள். காதுகளுக்கு முன்னே, கன்னத்துள் இருப்பவை மேலண்ணச் சுரப்பிகள். இவற்றின் குழாய், மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் திறக்கிறது. கீழ்த்தாடை எலும்பின் உட்புறமாக இருப்பவை கீழ்த்தாடைச் சுரப்பிகள். நாவின் அடியில் இருப்பவை நாவடிச் சுரப்பிகள். இவையன்றி, உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றில் கண்ணுக்குப் புலப்படாத சிறுசுரப்பிகள் நூற்றுக்கணக்கில் பரவியுள்ளன.

இவையெல்லாம் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் நீர். எஞ்சிய ஒரு பங்கில்தான் வியப்பு அடங்கியுள்ளது. அதில் நொதிகள், உப்புகள், வழவழப்புத் தரும் மியூசின் என்னும் புரதம், கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் ஆகியன உள்ளன.

‘பொன்னுக்கு வீங்கி’ என்னும் நோயை உங்கள் பாட்டிமார் அறிந்திருப்பர். சில ஊர்களில் அதனைப் ‘புட்டாளம்மை’ என்பர். வைரசு கிருமியால் மேலண்ணச் சுரப்பி வீங்குவதே அந்நோய். வீங்கிய குழந்தையின் கழுத்தில் பொற்சங்கிலி அணிவித்தால் வீக்கம் வடியும் என்று முன்பு நம்பினர். வீக்கம் பெரும்பாலும் சில நாள்களில் தானே வடிவதால் பெருமை பொன்னுக்குச் சென்றது. இன்று அந்நோயைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு.

பல்லுக்குக் காவல்

நம் உடலில் மிகக் கடினமான பொருள் எது? எலும்பன்று, பல்லின் மேற்பூச்சாகிய எனாமலே. ஆயினும், அதற்கு ஒரு குறை உண்டு. எலும்பு முறிந்தால் மீண்டும் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமலில் உயிருள்ள செல்கள் இல்லாமையால் அது மீண்டும் வளராது. அத்தகைய செல்வத்தைக் காக்கும் காவலர் உமிழ்நீரே.

மாலையில் பள்ளி விட்டு வந்து ஓர் ஒஸ்மானியா பிஸ்கட்டைத் தின்கிறீர்கள் எனக் கொள்வோம். அதன் துகள்கள் பற்களின் இடையே தங்குகின்றன. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை ஏறுகிறது. அதனை அளக்கும் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும்.

அவ்வேளையில் உமிழ்நீர் மூன்று வகையில் உதவுகிறது. முதலாவது, துகள்களைக் கழுவி வயிற்றுக்கு அனுப்புகிறது. இரண்டாவது, தன்னிடமுள்ள பைகார்பனேட்டால் அமிலத்தை முறிக்கிறது. மூன்றாவது, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. கரைந்த சுவரைக் கொத்தனார் பூசுவது போன்றது இப்பணி. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும்.

இனி எண்ணிப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை மிட்டாயோ பிஸ்கட்டோ குளிர்பானமோ உட்கொண்டால் என்ன ஆகும்? பூச்சு முடிவதற்குள் அடுத்த இடிப்புத் தொடங்கிவிடும். ஆகவே, எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பது பல்லுக்கு முதன்மையானது.

இரவில் உறங்கும்போது உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கும். காவலர் கண்ணயரும் நேரம் அது. உறங்கும் முன் பல் துலக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே. காலையில் வாய் நாறுவதன் காரணமும் இதுவே. எலுமிச்சைச் சாறோ குளிர்பானமோ பருகியவுடன் பல் துலக்குதலும் தவறு. அமிலத்தால் மென்மையடைந்த எனாமல் தூரிகையால் தேயும். வாயை நீரால் கொப்பளித்து, அரை மணி பொறுத்துத் துலக்குதல் நன்று.

உமிழ்நீரில் சிறிதளவு புளூரைடு கலந்திருப்பின் பல்லின் பூச்சு உறுதிபெறும். பற்பசைகளில் அதனைச் சேர்ப்பது அதனால்தான். ஆனால், அளவு மிகுந்தால் அமுதமும் நஞ்சு. நம் நகருக்கு அருகிலுள்ள நல்கொண்டா மாவட்டத்தில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருந்தமையால் பல தலைமுறையினரின் பற்கள் கறைபட்டன, எலும்புகள் வளைந்தன. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து அந்நீரைத் தூய்மை செய்யும் முறைக்கு ‘நல்கொண்டா முறை’ என்றே பெயர். தமிழகத்தில் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களும் இதே துன்பத்தை அடைந்தன. அவற்றுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாயிற்று.

கிருமிக்குப் பகை

1921ஆம் ஆண்டு, இலண்டன் நகர மருத்துவர் அலெக்சாண்டர் பிளெமிங் சளி பிடித்திருந்த வேளையில் தம் மூக்கின் சளியைக் கிருமிகள் வளர்ந்த தட்டில் இட்டுப் பார்த்தார். அதைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்து மறைந்தன. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் அதே ஆற்றல் இருப்பதைப் பின்னர்க் கண்டார். அவ்வாற்றலுக்குக் காரணமான நொதிக்கு லைசோசைம் என்று பெயரிட்டார். பெனிசிலினைக் கண்டறிந்து உலகப் புகழ் பெறுவதற்கு ஏழாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது.

உமிழ்நீரில் புண்ணை ஆற்றும் வளர்ச்சிக் காரணிகளும் உள்ளன. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து அத்தகைய காரணியொன்றைப் பிரித்தறிந்த ஸ்டான்லி கோஹன் 1986ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். கன்னத்தைத் தவறிக் கடித்துக்கொண்டால் அப்புண் தோலில் ஏற்படும் புண்ணைவிட விரைவில் ஆறுவதைக் கவனித்திருப்பீர்கள்.

அங்ஙனமாயின், முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் எச்சில் தடவலாமா? கூடாது. வாயில் வாழும் நுண்ணுயிரிகள் பல. வாய்க்குள் தீங்கு செய்யாதவை, தோலின் புண்ணுக்குள் புகுந்தால் சீழ் பிடிக்கச் செய்யலாம். சிராய்ப்பைக் குழாய் நீராலும் சோப்பாலும் கழுவுவதே முறை.

ஆச்சியின் நாவு

நம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆச்சி தென்காசிப் பக்கத்திலிருந்து மகன் வீட்டில் தங்குவதற்காக ஐதராபாத்துக்கு வந்தார். வந்த சில திங்களில், “சோற்றில் ருசியே இல்லையே. இந்த ஊர்த் தண்ணீருக்கு ரசம் ரசமாகவா இருக்கும்?” என்று குறைப்பட்டுக்கொண்டார். மருமகள் ஊரிலிருந்து அரிசி வருவித்தாள். மிளகும் புளியும் வருவித்தாள். ஆச்சியின் குறை தீரவில்லை. உண்ணும்போது ஒவ்வொரு கவளத்துக்கும் நீர் கேட்டார். பேசும்போது நா ஒட்டிக்கொண்டது. இரவில் இருமுறை எழுந்து நீர் பருகினார். “ஊர் ஏக்கம்” என்று எல்லோரும் முடிவு செய்தனர்.

வகுப்பில் சர்க்கரைச் சோதனை செய்த அன்று அம்மாணவி வீட்டுக்குச் சென்று, “ஆச்சி, உங்கள் வாய் காய்ந்திருக்கிறதா?” என்று கேட்டாள். “வறண்ட குளம் போலத்தான் இருக்கிறது, கண்ணு. வயசானால் அப்படித்தானே?” என்றார் ஆச்சி. மறுவாரம் தந்தை அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் மாத்திரைச் சீட்டுகளை எல்லாம் வாங்கிப் பார்த்தார். அவற்றுள் ஒரு மாத்திரை வாயை உலரச் செய்வது. அதனை மாற்றி எழுதித் தந்தார். நீரிழிவு உண்டா என்றும் சோதித்தார். பல்லையும் பார்க்கச் சொன்னார். ஈறோரத்தில் இரண்டு பற்கள் சொத்தையாகத் தொடங்கியிருந்தன. சில வாரங்களில் ஆச்சி ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார். ஊர் நினைவு அவரை விட்டுப் போகவில்லை. நாவின் சுவை மட்டும் திரும்பி வந்தது.

முதுமை மட்டுமே வாய் உலரக் காரணமாகிவிடாது. குருதி அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு முதலியவற்றுக்கு வழங்கும் மருந்துகள் பலவும் உமிழ்நீரைக் குறைக்கக்கூடும். நீரிழிவு, சில தன்னெதிர்ப்பு நோய்கள், தலை கழுத்துப் பகுதியில் பெறும் கதிர்வீச்சு மருத்துவம் ஆகியனவும் காரணமாகலாம். உமிழ்நீர் குறைந்தால் சொத்தைப்பல், வாய்ப்புண், விழுங்குவதில் இடர், உணவில் வெறுப்பு, உடல் மெலிவு எனத் துன்பங்கள் தொடரும். ஆனால், ஒன்றை மறவாதீர்கள்: மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் நிறுத்துதல் கூடாது. கேட்பதே நம் கடமை. மாற்றுவது மருத்துவர் பணி.

நம் நகரில் ஒரு கண்டுபிடிப்பு

பேகம்பேட்டைப் பகுதியில், பழைய விமான நிலையத்துக்கு அருகே ஒரு பழங்கட்டடம் உள்ளது. அங்குதான் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் மலேரியாவின் மறைபொருளை அவிழ்த்தார். மலேரியா நோயாளி ஒருவரின் குருதியைக் குடித்த கொசுவை அறுத்து, அதன் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்நாள் இன்று உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

ஆனால், பாதிப் புதிரே விடுபட்டிருந்தது. கொசுவின் வயிற்றில் உள்ள கிருமி மற்றோர் உடலுக்குள் எவ்வாறு செல்கிறது? அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. வயிற்றில் வளர்ந்த கிருமிகள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சென்று தங்கியிருந்தன. கொசு குருதியை உறிஞ்சும் முன், அது உறையாமல் இருக்கத் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்த உமிழ்நீரோடு கிருமியும் நம் உடலுக்குள் நுழைகிறது. கொசு கடித்த இடம் அரிப்பதும் அவ்வுமிழ்நீரை நம் உடல் எதிர்ப்பதால்தான். இக்கண்டுபிடிப்புகளுக்காக ராஸ் 1902ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். நல்லகுண்டாவில் உள்ள அரசுக் காய்ச்சல் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கொரோனாக் காலத்திலும் நம் நகரம் பின்தங்கவில்லை. ஹப்சிகுடாவில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையம், மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியை நீர்மத்தில் இடாமல் உலர்ந்த பஞ்சுக்குச்சியாகவே கொண்டுவந்து சோதிக்கும் எளிய முறையை 2020ஆம் ஆண்டு உருவாக்கியது. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், உப்புநீரைக் கொப்பளித்து உமிழ்ந்த நீரிலேயே கிருமியைக் கண்டறியும் முறையை உருவாக்கியது. உமிழ்நீரில் நம் வாயின் செல்களும் உதிர்ந்து கலந்திருக்கின்றன. ஆகவே, ஒருவரின் டி.என்.ஏ. அடையாளத்தையும் அதிலிருந்து அறியலாம்.

பந்தின் மேல் எச்சில் தடவிப் பளபளப்பாக்கும் பழக்கம் கிரிக்கெட்டில் இருந்ததை அறிவீர்கள். 2020ஆம் ஆண்டு பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் அதனைத் தடை செய்தது; 2022இல் அத்தடையை நிலையான விதியாக்கியது.

நாயின் உமிழ்நீர்

உமிழ்நீரைப் பற்றி நாம் அறிய வேண்டியவற்றுள் உயிரைக் காக்கும் செய்தி ஒன்று உண்டு. அதனைக் கவனமாகப் படியுங்கள்.

வெறிநோய் கண்ட நாயின் உமிழ்நீரில் அந்நோயின் வைரசு உள்ளது. நாய் கடித்தாலும், கீறினாலும், புண்ணுள்ள தோலை நக்கினாலும் அது நம் உடலுக்குள் புகலாம். புகுந்த வைரசு நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. நோயின் குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தோர் மிக மிக அரியர். ஆனால், குறிகள் தோன்றும் முன் உரிய முறையில் மருத்துவம் செய்தால் நோயைத் தடுத்துவிடலாம்.

செய்ய வேண்டுவன: கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுக. உடனே மருத்துவமனைக்குச் செல்க. மருத்துவர் கூறிய நாள்களில் எல்லாத் தடுப்பூசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்க.

செய்யத் தகாதன: மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் முதலியவற்றைக் காயத்தில் அப்புதல் கூடாது. ‘சிறு கீறல்தானே’ என்று வாளாவிருத்தல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘அம்மா திட்டுவார்’ என்று அஞ்சி மறைத்தல் அறவே கூடாது. தெருவில் விளையாடிய குற்றத்துக்குத் திட்டு கிடைக்கலாம். மறைத்த குற்றத்துக்கு உயிரே விலையாகலாம்.

பாஸ்டர் 1885ஆம் ஆண்டு வெறிநோய்த் தடுப்பு மருத்துவத்தைத் தொடங்கினார். தென்னிந்திய மக்களுக்கு அது எட்டும்படி, நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் 1907ஆம் ஆண்டு பாஸ்டர் நிலையம் தொடங்கப்பெற்றது. தமிழ் மண்ணில் தோன்றிய அந்நிலையம் பல்லாண்டுகள் வெறிநோய்த் தடுப்பூசியை உருவாக்கி உயிர்களைக் காத்தது.

உமிழ்தல் தகுமா?

உமிழ்நீர் வாய்க்குள் இருக்கும்வரை மருந்து. தெருவில் விழுந்தால் மாசு. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நுண்துளிகளால் காசநோய், சளிக்காய்ச்சல் முதலியன பரவும். ஆகவே, முழங்கை மடிப்பில் வாயை மறைத்து இருமுதல் நற்பழக்கம். பாக்கும் புகையிலையும் மென்று சுவர்களைச் சிவப்பாக்குவோரை நம் நகரப் பேருந்து நிலையங்களில் காண்கிறோம். அவர்களால் சுவர் மட்டும் கெடுவதில்லை. பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்குவன என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்துள்ளது.

ஒரு தட்டில் உண்பதும், ஒரே குவளையில் பருகுவதும் அன்பின் அடையாளமாகலாம். எனினும், நோய் கண்ட காலத்தில் அவற்றைத் தவிர்ப்பதும் அன்புதான். குவளையை அண்ணாந்து உதட்டில் படாமல் பருகும் நம் வீட்டுப் பழக்கத்தை நண்பர்கள் வியப்புடன் நோக்கினால், அதன் நன்மையை அவர்களுக்கு எடுத்துக் கூறுங்கள். அதைக்கொண்டு எவரையும் தாழ்வாக எண்ணுதல் மட்டும் வேண்டா. கிருமி குலம் பார்த்து வருவதில்லை. உமிழ்நீர் எல்லார் வாயிலும் ஒன்றே.

சொல் அறிவோம்

‘எச்சில்’ என்னும் சொல் ‘எஞ்சு’ என்னும் வினையடியிலிருந்து தோன்றியது. உண்டு எஞ்சியது எச்சில். இலக்கணத்தில் நீங்கள் படிக்கும் பெயரெச்சம், வினையெச்சம் ஆகியவற்றில் உள்ள ‘எச்சம்’ என்பதும் அவ்வேர்ச்சொல்லே. முடிவு பெறாமல் எஞ்சி நிற்பதால் எச்சம் எனப்பட்டது.

உங்கள் தெலுங்குத் தோழர்கள் எச்சிலை ‘எங்கிலி’ என்பர். பதுகம்மா விழாவின் முதல் நாளுக்கு ‘எங்கிலி பூல பதுகம்மா’ என்று பெயர் இருப்பதை அறிவீர்கள். கன்னடத்தில் இது ‘எஞ்சலு’; மலையாளத்தில் ‘எச்சில்’. உமிழ்நீரைத் தெலுங்கில் ‘உம்மி’ என்பர். நம் ‘உமிழ்’ என்னும் சொல்லோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். தொலைவில் வாழ்ந்தாலும் சொற்கள் உறவை மறப்பதில்லை.

இலக்கணம் அறிவோம்

‘உமிழ்நீர்’ என்பது வினைத்தொகை. இதனை உமிழ்ந்த நீர், உமிழ்கின்ற நீர், உமிழும் நீர் என முக்காலத்துக்கும் விரிக்கலாம். காலம் காட்டும் இடைநிலை மறைந்து நிற்பதால் இது ‘காலம் கரந்த பெயரெச்சம்’ எனவும் பெயர் பெறும். பெயரைக் கேட்டவுடன் வாயை ஊறச் செய்யும் ‘ஊறுகாய்’ என்பதும் வினைத்தொகையே.

அருஞ்சொற்பொருள்

நீர்மம் – பாய்ந்தோடும் தன்மையுடைய பொருள்
நொதி – உடலில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்
அண்ணம் – வாயின் மேற்புறம்
கவளம் – ஒரு வாய் உணவு
திங்கள் – மாதம்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல்
கரந்த – மறைந்த

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதி ________.
2. பேகம்பேட்டையில் மலேரியா ஆய்வு செய்தவர் ________.
3. குன்னூர் பாஸ்டர் நிலையம் ________ ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது.
4. ‘எச்சில்’ என்பதன் வினையடி ________.

ஆ. சரியா, தவறா எனக் கூறி, காரணம் எழுதுக.
1. குளிர்பானம் பருகியவுடன் பல் துலக்க வேண்டும்.
2. உறங்கும்போது உமிழ்நீர் மிகுதியாகச் சுரக்கும்.
3. நாய் கீறிய இடத்தில் மஞ்சள் பூசினால் போதும்.

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. உலர்ந்த நாவில் சர்க்கரை உடனே இனிக்காதது ஏன்?
2. உமிழ்நீர் பல்லைக் காக்கும் மூன்று வழிகள் யாவை?
3. ‘பொன்னுக்கு வீங்கி’ நோயில் எச்சுரப்பி வீங்குகிறது?

ஈ. விரிவாக விடை தருக.
1. ஆச்சியின் துன்பத்துக்கு அவர் வீட்டார் கருதிய காரணம் யாது? உண்மைக் காரணம் யாது? அதனை அறிய எது உதவியது?
2. கொசுவின் உமிழ்நீர் பற்றிய கண்டுபிடிப்பு ஏன் முதன்மையானது? நும் சொற்களில் எழுதுக.

உ. வினைத்தொகையை விரித்து எழுதுக.
ஊறுகாய், குடிநீர், சுடுசோறு

ஊ. செய்து பார்ப்போம்.
1. ஒரு நாளில் நீங்கள் எத்தனை முறை இனிப்போ நொறுக்குத் தீனியோ உண்கிறீர்கள் எனக் குறித்து வையுங்கள். எவற்றை உணவு வேளையோடு சேர்த்து உண்ணலாம் என முடிவு செய்யுங்கள்.
2. வீட்டிலுள்ள முதியவரிடம், அல்லது தொலைபேசியில் ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம், “உண்ணும்போது வாய் உலர்கிறதா?” என்று கேளுங்கள். அவர் கூறியதைப் பத்து வரிகளில் தமிழில் எழுதி வாருங்கள். ‘ஆம்’ எனில், எழுதுவதற்கு முன் பெற்றோரிடம் கூறுங்கள்.